பூங்கொடி திருத்தி எழுதிய பேரண்டம்

செய்தி வந்தபோது நான் ஈப்போவின் குனோங் ராபாட் பகுதியில் ஒரு டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் காரின் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி வைத்திருந்தார்கள். கைப்பேசியில் குமரேசனின் பெயர் தெரிந்தது. பூங்கொடியின் தம்பி. அக்காவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக முடியாத நாட்களில்தான் அவர் என்னைக் கூப்பிடுவார். நாளைக்குத்தானே முறை என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

“அக்கா,” என்றார். பிறகு, “அக்கா போய்ட்டாங்க அக்கா,” என்றார்.

எங்கள் இருவரையும் அவர் அந்த ஒரே சொல்லால்தான் அழைப்பார். எந்த அக்காவிடம் எந்த அக்காவைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. காலையில் பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். இதயம் நின்றுவிட்டது. என் கார் சக்கரமில்லாமல் நின்றதால், கடைக்காரச் சீனர் தம் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போய்க் குமரேசன் வீட்டு வாசலில் விட்டார்.

ஈப்போவில் உங்களில் பலருக்குப் பூங்கொடியைத் தெரியும். கோயிலில் பார்த்திருப்பீர்கள், கடையில் பார்த்திருப்பீர்கள், சிலர் அவர் பேச்சையும் கேட்டிருப்பீர்கள். ஆனால் அவர் செய்த வேலை என்ன என்பது பலருக்குத் தெளிவாகத் தெரியாது. வானியல் ஆய்வாளர் என்றதும் இரவெல்லாம் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பவர் என்று நினைத்தவர்கள் உண்டு. அவரிடம் தொலைநோக்கியே இல்லை. ஜாதகம் பார்ப்பவர் என்று நினைத்தவர்களும் உண்டு. கோயில் வாசலில் ஓர் அம்மா தம் மகனுக்கு ஏழரைச் சனி எப்போது முடியும் என்று அவரிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. பூங்கொடி சிரிக்காமல் பதில் சொன்னார்: “சனி எனக்கு ரொம்பப் பக்கம் ஆண்ட்டி. நான் தூரத்துக் கேஸ் பாக்குறவ.”

அந்தத் தூரத்துக் கேஸ், விண்மீன் மண்டலங்கள். கணினிக்குள் ஒரு பேரண்டத்தை அதன் இளமையிலிருந்து வளரவிட்டு, அதில் நம் பால்வெளி போன்ற மண்டலங்கள் எப்படித் திரண்டு வருகின்றன என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

நாங்கள் அறிமுகமானது கோலாலம்பூரில், ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில். நான் ஒளியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் முனைவர் பட்டம் முடித்து வந்த பூங்கொடிக்கு என் அறையிலேயே ஒரு மேசை கொடுத்தார்கள். எங்களுடையது இலங்கைத் தமிழர் குடும்பம். அப்பா ரயில்வேயில் இருந்தவர். வீட்டுப் பேச்சு என் நாக்கில் அப்படியே தங்கிவிட்டது. நெருக்கமானவர்களை ‘நீர்’ என்று சொல்வது என் வழக்கம். பூங்கொடி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டதும் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தவர். முதல் வாரம் நான் ‘நீர்’ என்றபோதெல்லாம் நான் வேறு யாரிடமோ பேசுகிறேன் என்று அவர் திரும்பிப் பார்த்தார். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகங்கள் கைவிட்டு, குடிக்கும் தண்ணீருக்கு மருத்துவர் அளவு வைத்தபோது, அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். “நீர்னு கூப்பிடாதீங்கக்கா. டாக்டர் அதைத்தான் கொறைக்கச் சொல்லியிருக்காரு.”

தம்மைப் பற்றி யாரும் உருகிப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை ஒரு செய்தியாளர் எங்கள் அறைக்கு வந்தார். தோட்டத்திலிருந்து விண்வெளிக்குப் போன பெண் என்று எழுதப்போவதாகவும், பிறந்த தோட்டத்தில் ஒரு ரப்பர் மரத்தடியில் நிற்கும் படம் வேண்டும் என்றும் கேட்டார்.

“எங்க தோட்டம் இப்போ ஹவுசிங் ஏரியா லா,” என்றார் பூங்கொடி, மலேசியப் பேச்சில் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வோடு. “அங்க ஒரு மரத்தைத் தேடிப் போய் நின்னா, அது யார் வீட்டு ரம்புத்தான் மரமோ. கம்ப்யூட்டர் பக்கத்துல நிக்கிறேன், எடுத்துக்குங்க.”

செய்தியாளருக்கு முகம் வாடிவிட்டது. பூங்கொடி அவரை உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்து, மதியம் வரை தம் வேலையை விளக்கினார். படம் கணினியோடுதான் வந்தது. கட்டுரை நன்றாகவே இருந்தது.

அவர் விளக்கும் முறையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஈப்போவில் ஒரு தமிழ் அமைப்பின் கூட்டத்தில் பேச அவரை அழைத்திருந்தார்கள். அழைப்பிதழில் ‘இருண்ட பொருள்’ என்று போட்டிருந்தது. மேடையேறியதும் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கினார். இருண்டது என்றால் பின்னால் இருப்பதை மறைக்க வேண்டும். இது எதையும் மறைப்பதில்லை. ஒளி இதன் ஊடாகத் தடையில்லாமல் போய்விடுகிறது. ஆகவே தமிழில் நான் ‘காணாப்பொருள்’ என்றே சொல்கிறேன் என்றார். காணாத ஒன்று இருப்பதாக எப்படிச் சொல்கிறோம்? மண்டலத்தின் ஓரத்தில் இருக்கும் விண்மீன்கள் மிக வேகமாகச் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும்தான் என்றால் அவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. தெரியும் பொருளைவிட அது பல மடங்கு அதிகம்.

பிறகு மண்டபத்துப் பேச்சுக்கு இறங்கி வந்தார். “மொதல்ல இந்தக் காணாப்பொருள்தான் ஒண்ணு சேருது. அது குமிஞ்ச எடத்துல வாயு போய் விழுது. விழுந்த வாயு மெல்லக் குளிருது. நல்லாக் குளிர்ந்த எடத்துலதான் விண்மீன் பத்திக்குது. நாம பாக்குற மண்டலம் எல்லாம் அப்படி வந்ததுதான்.”

முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, “இந்த மண்டபத்துலயும் அது இருக்கா?” என்று கேட்டார்.

“நாங்க நெனைக்கிறது சரின்னா இருக்கு. இப்போ உங்க ஊடாப் போய்க்கிட்டே இருக்கு. உங்களுக்கும் ஒண்ணும் ஆவாது, அதுக்கும் ஒண்ணும் ஆவாது.”

நன்றியுரை சொல்ல வந்த தலைவர், தாயின் அன்பும் இந்தக் காணாப்பொருளைப் போன்றதுதான், கண்ணுக்குத் தெரியாமல் குடும்பத்தைக் கட்டிக் காக்கிறது என்றார். கைதட்டல் எழுந்தது. பூங்கொடி ஒலிவாங்கியை மெல்லத் தம் பக்கம் இழுத்து, “மன்னிக்கணும் ஐயா. எங்கம்மா அன்பு எனக்கு நல்லாவே தெரியும். அது என்னான்னும் தெரியும். இது என்னான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க,” என்றார். தலைவர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

நோய் வந்தபோது அவர் மீண்டும் வெளிநாட்டில் ஒரு நல்ல பணியில் இருந்தார். வேலையை விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்து, குனோங் ராபாட்டில் குமரேசன் வீட்டில் தங்கினார். நான் அதற்குள் ஈப்போவில் ஒரு கல்லூரிக்கு மாறியிருந்தேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடக்கையில் ஊசி, வலக்கையால் மடிக்கணினியில் தட்டச்சு. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் தம் குழுவில் அவரை வைத்துக்கொண்டு, அங்குள்ள பெருங்கணினியை இங்கிருந்தே பயன்படுத்த வழி செய்திருந்தார். பேராக் மாநிலத்தின் சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே, ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த டயாலிசிஸ் மையத்தில், இரத்தம் சுத்தமாகும் நேரத்தில், பேரண்டம் வளர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலி ஆறுமுகம் அண்ணனுடையது. பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து வருபவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். திரையில் புள்ளிகள் குவிவதைப் பல நாள் பார்த்துவிட்டு, “என்னா டாக்டர், கொசுக் கூட்டமா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அவருக்கும் அங்கிருந்த மற்றவர்களுக்கும் அன்றைய நிலவரத்தைச் சொல்வது பூங்கொடிக்கு வழக்கமாயிற்று. தாதியர் தொலைக்காட்சியின் ஒலியைத் தாங்களாகவே குறைப்பார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான், அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று என்னை உட்கார வைத்தது.

அவர் துறையில் ஒரு பழைய சிக்கல் உண்டு. கணினியில் பால்வெளி போன்ற ஒரு மண்டலத்தை வளர்த்தால், அதைச் சுற்றிக் காணாப்பொருளாலான சிறு குவியல்கள் ஏராளமாக உருவாகின்றன. வானத்திலோ நம் பால்வெளியைச் சுற்றித் தெரியும் குறு மண்டலங்கள் அவ்வளவு இல்லை. மற்றவை எங்கே? பூங்கொடி ஒரு விடை சொல்லியிருந்தார். அந்தச் சிறு குவியல்கள் பெரிய மண்டலத்துக்கு அருகில் வரும்போது அதன் ஈர்ப்பால் கிழிபட்டுக் கரைந்துவிடுகின்றன. அவருடைய கணக்கில் அவை அப்படித்தான் கரைந்தன. மிஞ்சிய எண்ணிக்கை வானத்தோடு அழகாகப் பொருந்தியது. அந்தக் கட்டுரைக்கு நல்ல பெயர் கிடைத்தது. பிற நாட்டு ஆய்வாளர்கள் அதன்மேல் தங்கள் வேலையைக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு சர்வதேச மாநாட்டில் முதன்மை உரையாற்ற இணையம் வழியாக அவரை அழைத்தார்கள்.

உரைக்குச் சில வாரங்கள் முன்பு, வேறொரு காரணத்துக்காக அதே கணக்கின் ஒரு சிறு பகுதியை இன்னும் நுணுக்கமாக ஓட்டிப் பார்த்தார். குவியல்கள் கரையவில்லை.

டயாலிசிஸ் முடிந்து என் காரில் வந்துகொண்டிருந்தபோதுதான் சொன்னார். குரலில் பதற்றம் இல்லை, களைப்பு இருந்தது. காணாப்பொருளின் ஒவ்வொரு துகளையும் கணினியால் பின்தொடர முடியாது. பெரும் அளவுப் பொருளை ஒரே புள்ளியாக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு சிறு குவியலுக்கு மிகச் சில புள்ளிகளே கிடைத்தால், அது இலேசில் பிய்ந்துபோகும். புள்ளிகளை நுணுக்கினால் அதே குவியல் தாக்குப்பிடிக்கிறது. முன்பு கரைந்தது இயற்கையால் அல்ல, அவர் வைத்த புள்ளிகள் பருமனாக இருந்ததால்.

பேராசிரியருக்கு அன்றே தெரிவித்துவிட்டாராம். அவர் மறுக்கவில்லை. ஆனால் பெருங்கணினியில் அவர்களுக்கான நேரத்தைப் புதுப்பிக்கும் முடிவு அடுத்த மாதம் வரவிருந்தது. அது வரும்வரை இதை வெளியே சொல்ல வேண்டாம், உரையில் பழைய முடிவையே மேலோட்டமாகப் பேசுங்கள் என்றாராம்.

“ஒரு மாதம்தானே,” என்றேன் நான். “அதுக்குப் பிறகு நீர் சொல்லலாம்தானே?”

“அந்த ஒரு மாசம் ஆளுங்க அதை நம்பி வேலை பாப்பாங்கக்கா. எங்கயோ ஒரு பொண்ணு அதை வச்சு டாக்டரேட் எழுதிக்கிட்டு இருக்கும். அந்தப் புள்ளையோட நேரத்தை யாரு திருப்பிக் குடுப்பா?” சாலையைப் பார்த்துக்கொண்டே, “பயமாத்தான் இருக்கு லா,” என்றார். “கம்ப்யூட்டர் போச்சுன்னா எனக்கு அந்த நாற்காலி மட்டும்தான் மிச்சம்.”

உரை நாள் டயாலிசிஸ் நாளாக வந்து சேர்ந்தது. மாநாடு நடக்கும் ஊரில் காலை, இங்கே பிற்பகல். மாற்ற முடியவில்லை. தாதியர் அவரது நாற்காலியைச் சன்னல் பக்கமாக நகர்த்தி, பின்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டார்கள். இரத்த அழுத்தம் பார்த்த தாதி, ஏறியிருக்கிறதே என்று கவலைப்பட்டார். “பேசி முடிச்சா எறங்கிரும்,” என்றார் பூங்கொடி. ஆறுமுகம் அண்ணன் அறை முழுதும் கேட்கும்படி, “ஜாங்கான் பிசிங், சத்தம் போடாதீங்க, டாக்டர் பேசப் போறாங்க,” என்று அதட்டினார். அதற்குப் பிறகு அந்த அறையில் இயந்திரங்களின் ஓசை மட்டும்தான்.

அவர் ஆங்கிலத்தில் பேசியதன் தொடக்கத்தை இங்கே தமிழில் தருகிறேன்: “நான் முன்பு வெளியிட்ட முடிவு தவறு. அது எப்படித் தவறானது என்பதை முதலில் சொல்கிறேன். நீங்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக.” பிறகு இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினார். ஒன்றில் பெரிய மண்டலத்தைச் சுற்றி வெறுமை. மற்றொன்றில் அதே இடத்தில் சிறு குவியல்கள் நிறைந்திருந்தன.

உரை முடிந்தது. பிறகு யாரோ கேட்டார், தவறான கணக்கு என்றால் வானத்தோடு ஏன் அவ்வளவு நன்றாகப் பொருந்தியது?

“அதிர்ஷ்டம்,” என்றார் பூங்கொடி. “அந்த அதிர்ஷ்டத்தை நான் விடை என்று நினைத்துவிட்டேன். வானத்தோடு பொருந்தியதால் மேலே சோதிக்காமல் நிறுத்திவிட்டேன்.”

அடுத்த மாதம் கணினி நேரம் மறுக்கப்பட்டது. இந்த உரைதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை. பேராசிரியரின் மின்னஞ்சல்கள் நின்றுபோயின. அதன் பிறகு பல வாரங்கள் பூங்கொடி மடிக்கணினியைக் கொண்டுவரவில்லை. டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து எல்லோரோடும் சீரியல் பார்த்தார். அவர் தம் வேலையைப் பற்றிப் பேசாமல் இருந்ததை நான் கண்டது அப்போது மட்டும்தான்.

ஆறுமுகம் அண்ணனுக்குத் தாங்கவில்லை. “என்னா டாக்டர், கடையை மூடியாச்சா?”

“எடம் காலி பண்ணச் சொல்லிட்டாங்கண்ணே.”

“தாப்பா லா, பரவாயில்ல. ஒரு கடை போனா வேற எடத்துல ஒரு கடை.”

அவர் ஆறுதலுக்குச் சொன்னது உண்மையாகவே நடந்தது. வேறொரு நாட்டிலிருந்து மூன்று இளம் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தங்கள் கணக்கிலும் அதே தவறு இருக்கலாம் என்று அவர்கள் வெகுநாளாகச் சந்தேகித்திருக்கிறார்கள். பெரிய கட்டுரைகள் எல்லாம் வேறு மாதிரிச் சொன்னதால் வெளியே பேசத் தயங்கியிருக்கிறார்கள். உங்கள் உரையைக் கேட்ட பிறகு எங்களுக்குத் துணிவு வந்தது, எங்கள் கணினியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, சேர்ந்து செய்யலாமா என்று கேட்டார்கள். பூங்கொடி அதை என்னிடம் படித்துக் காட்டும்போது இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குவியல்கள் கரையவில்லை என்றால் அவை இன்னும் இருக்க வேண்டும். இருந்தும் நமக்குத் தெரியவில்லை என்றால், அவற்றில் விண்மீன்கள் பிறக்கவே இல்லை என்றுதான் பொருள். பேரண்டத்தின் முதல் விண்மீன்கள் வீசிய ஒளி எங்கும் வாயுவைச் சூடாக்கியது. சிறு குவியல்களின் ஈர்ப்புக்கு அந்தச் சூடான வாயுவைப் பிடித்து வைக்கும் வலு இல்லை. வாயு குளிரவில்லை, விண்மீன் பற்றவில்லை. எந்தக் குவியல் பற்றியது, எது பற்றாமலே போனது, எல்லை எங்கே இருக்கிறது என்பதைத்தான் புதிய கணக்கு சொல்ல வேண்டும். புள்ளிகளை முன்பைவிடப் பன்மடங்கு நுணுக்கினார்கள். மாதக்கணக்கில் அதற்கான நிரலை எழுதிச் சோதித்தார்கள். பொருந்திவந்த ஒவ்வொரு சோதனையையும் அவர் இன்னொரு வழியில் செய்து பார்க்கச் சொன்னார். அந்த மூவரும் சலித்துக்கொண்டார்கள், ஆனால் செய்தார்கள்.

கணக்கை ஓட்டத் தொடங்கிய அன்று தாதியருக்கெல்லாம் பாசார் கடையிலிருந்து குவே பலகாரம் வாங்கி வந்தார். முடிய மாதங்களாகும் என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது தவறாகிப்போனால் என்ற பொருளில், என் வீட்டு வழக்கில் கேட்டேன்: “இதுவும் பிழைச்சுப் போனால் என்ன செய்வீர்?”

கார் குலுங்கச் சிரித்தார். “எங்க வீட்டுப் பேச்சுல பொழைச்சுப் போனா நல்ல சேதி லா, அக்கா!”

அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது. அடுத்த சில வாரங்களில் அவர் அதிகம் களைத்தார். மருத்துவர்கள் இதயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். பிறகுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு.

டயாலிசிஸ் மையத்திலிருந்து வர முடிந்தவர்கள் எல்லோரும் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்கள். சிலருக்கு அன்று முறை நாள், முடித்துவிட்டுக் கையில் கட்டோடு நேராக வந்து நின்றார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் குமரேசனுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தாம் அறிந்தவர்களில் மிக நேர்மையான ஆய்வாளர் பூங்கொடி என்றும், அதை உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். குமரேசன் அதை ஒருமுறை படித்துவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அஸ்தியைக் கரைக்கக் கடலோர ஊரான லூமுட்டுக்குப் போனோம். வாடகைப் படகில் குமரேசனும் அவர் மனைவியும் நானும் ஆறுமுகம் அண்ணனும். பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெரி எங்களைக் கடந்து போனது. அதன் அலை அடங்கும்வரை படகோட்டி பொறுத்திருந்து, பிறகு தலையசைத்தார். குமரேசன் குனிந்து கலசத்தை நீரில் சாய்த்தார். திரும்பி வரும்போதுதான் ஆறுமுகம் அண்ணன் கேட்டார்.

“அந்தப் பெரிய கணக்கு என்னா ஆச்சு? நின்னுருச்சா?”

“இல்லை அண்ணை, ஓடிக்கொண்டுதான் இருக்குது.”

“அப்போ நீங்க பாத்து எங்களுக்குச் சொல்லுங்க லா.”

அந்த மூவருக்கும் எழுதினேன். கட்டுரையில் பூங்கொடியின் பெயரே முதலில் வரும் என்று பதில் வந்தது. கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தைப் பார்க்க எனக்கும் அனுமதி கொடுத்தார்கள். அதில் ஒன்றையும் தொட எனக்குத் தெரியாது. பார்க்க மட்டும் தெரியும். முடிவு எப்படி வரும் என்பதும் தெரியாது. அவர் நினைத்தபடி வரலாம், வராமலும் போகலாம்.

பூங்கொடியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இரண்டு. ஒரு விடை சரியாகப் பொருந்தும்போது, அங்கேயே நின்று, ஏன் பொருந்துகிறது என்று இன்னொரு முறை கேட்பது. மாணவர்கள் இப்போது என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். மற்றொன்று காலை வேலை. கல்லூரிக்குக் கிளம்புமுன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ஆறுமுகம் அண்ணனுக்கு ஒரு குரல்பதிவு அனுப்புகிறேன். மையத்தில் அதை எல்லோருக்கும் கேட்கும்படி போடுகிறார்களாம்.

இன்று காலை அந்தப் பேரண்டத்துக்கு வயது எண்ணூறு கோடி ஆண்டு. சூரியன் பிறக்க இன்னும் நூறு கோடி ஆண்டுக்கு மேல் இருக்கிறது.